சுப்பீரியர் ஏரிக்கரையில் வீட்டு வண்டிப் பயணம்

நமது இலங்கைத் தீவின் பரப்பு ஏறக்குறைய 65,600 சதுர கிலோமீற்றர். வட அமெரிக்காவிலே கனடாவுக்கும் ஐக்கிய அமெரிக்க நாடுகளுக்கும் இடையே கிடக்கும் சுப்பீரியர் என்னும் ஏரியின் பரப்போ ஏறக்குறைய 82,100 சதுர கிலோமீற்றர். பரப்பளவை மட்டும் கொண்டு நோக்கின், நம் தீவு முழுவதும் அதனுள் அடங்கிய பின்னரும் நீர் எஞ்சும். அதன் ஆழம் ஓரிடத்தில் 406 மீற்றர். உலகிலுள்ள நன்னீர் ஏரிகளுள் பரப்பினால் முதலிடம் பெறுவது அதுவே.

ஏரி என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது குளம். நம் குளங்களோ மன்னரும் மக்களும் அணைகட்டித் தேக்கியவை; வயலுக்கு நீர் பாய்ச்சுதற்கென்றே உண்டானவை. நான் இன்று கூறப்புகும் வடதேசத்து ஏரிகளை எவரும் கட்டினாரல்லர். பன்னெடுங்காலம் அந்நிலத்தை மூடிக்கிடந்த பனிக்கட்டிப் பாளம் கரும்பாறையைச் சுரண்டிக் குழிசெய்துவிட்டு, ஏறக்குறைய 10,000 ஆண்டுகளுக்கு முன் உருகி அகன்றது. அது விட்டுச் சென்ற பள்ளங்களில் நீர் நின்றது. அப்பள்ளங்களுள் பெரியது சுப்பீரியர். அதன் வடபுறத்தே காட்டினூடே சிதறிக்கிடக்கும் சிறியனவற்றை எண்ணி முடித்தல் எளிதன்று.

அந்த ஏரிக்கும் நமக்கும் யாது தொடர்பு என்று கேட்பீர்கள். நம்மவருட் பல்லாயிரவர் இன்று ரொறன்ரோ நகரிலும் அதன் அயலிலும் வாழ்கின்றனர். கோடை விடுமுறையில் ஊரிலிருந்து தாய் தந்தையரை வரவழைத்து, ஒரு வீட்டு வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வடக்கே புறப்படும் பழக்கமும் நம்மவரிடையே காணப்படுகிறது. அவ்வாறு போக எண்ணுவோருக்கும், அழைக்கப்பட்டு இங்கிருந்து செல்லவிருப்போருக்கும், அப்பயணத்தை எங்ஙனம் திட்டமிடல் வேண்டும் என்பதைச் சிறிது விளக்கலாமென எண்ணுகிறேன்.

ஆர்வீ என்று அந்நாட்டார் சுருக்கி வழங்குவதையே வீட்டு வண்டி என்கிறேன். இதிற் பல வகையுண்டு. இயந்திரமும் உறைவிடமும் ஒன்றாய் அமைந்தது ஒரு வகை. காரின் பின்னே கொளுவி இழுத்துச் செல்வது மற்றொரு வகை. பகலில் மடித்து இரவில் விரிக்கும் துணிக்கூரை வண்டியும் உண்டு. முதன்முறை செல்லும் குடும்பத்தினர் இயந்திரமும் வீடும் ஒன்றாயமைந்ததை எடுப்பதே நன்று. இழுவை வண்டியைப் பின்னோக்கிச் செலுத்துதல் தனியொரு வித்தை. அதனைக் காட்டுப் பாதையில், மாலையிருளில், பிள்ளைகள் பசியால் அழுதுகொண்டிருக்கையிற் கற்கத் தொடங்குதல் கூடாது. ஒன்ராறியோ மாகாணத்தின் சாதாரண 'ஜீ' வகுப்புச் சாரதிப் பத்திரம், 11,000 கிலோகிராம் வரை நிறையுள்ள வண்டிக்கும், 4,600 கிலோகிராம் வரையுள்ள இழுவைக்கும் போதுமானது. ஆதலின் தனிப் பத்திரம் வேண்டுமோ என அஞ்சவேண்டியதில்லை. ஆனால் வண்டியின் உயரத்தை ஒரு தாளில் எழுதிச் சாரதியின் கண்முன் ஒட்டிவைத்தல் வேண்டும். காரோட்டிப் பழகியவர் தம் தலைக்கு மேலே மூன்று மீற்றருக்கு மேல் உயர்ந்த ஒரு கூரை வருகின்றது என்பதை எரிபொருள் நிலையத்திலும் மரக்கிளையின் கீழும் மறந்துவிடுவர்.

இவ்வண்டியின் உட்புறம் மூன்று தாங்கிகளைக் கொண்டு இயங்குகிறது. ஒன்று நன்னீர்த் தாங்கி. இரண்டாவது, சமையற் பாத்திரமும் கையும் கழுவிய நீர் சேரும் தாங்கி. மூன்றாவது மலசலக் கழிவுத் தாங்கி. பூங்காக்களில் முகாமிடும் இடத்திலேயே கழிவுநீர்க் குழாய் பெரும்பாலும் இராது. புறப்படும்போது வாயிலருகேயுள்ள பொது நிலையத்திற் சென்று கழித்துவிட்டுப் போதல் வேண்டும். மலக்கழிவுத் தாங்கியின் அடைப்பானை எப்போதும் மூடியே வைத்திருந்து, தாங்கி பெரும்பாலும் நிரம்பிய பின்னரே திறத்தல் வேண்டும். இடையிடையே திறந்துவிட்டால் நீர் ஓடிவிட, திண்மம் அடியிற் படிந்து இறுகிவிடும். முதலில் இதனைத் திறந்து, பின்னர் கழுவுநீர்த் தாங்கியைத் திறந்தால், அந்நீரே குழாயைக் கழுவிக்கொண்டு போகும். கையுறை அணிய மறவாதீர். கேட்க அருவருப்பான செய்திதான்; எனினும் பயணத்தின் நடுவே சண்டை விளைப்பது பெரும்பாலும் இதுவே.

மின்சாரம் பற்றியும் ஒரு சொல். முகாமிடத்திற் கிடைக்கும் இணைப்பு பொதுவாக 30 அம்பியர். 120 வோல்ற் மின்னழுத்தத்தில் இது 3,600 வாற்று. நீர் கொதிக்கவைக்கும் மின்கேத்தல் ஒன்றே 1,500 வாற்று கொள்ளும். குளிரூட்டியும் ஏறக்குறைய அவ்வளவே. அவ்விரண்டோடு சோற்றுப் பானையையும் சேர்த்து இயக்கினால் மின்தடை நேரும். மின்னிணைப்பில்லாத இடத்தில் வண்டியின் மின்கலமே கதி. 100 அம்பியர்-மணி கொண்ட ஈயக் கலத்திற் பாதியைத்தான் பழுதின்றிப் பயன்படுத்தலாம். வெப்பமூட்டி எரிவாயுவால் எரியினும், அதன் விசிறி மின்கலத்திலிருந்தே ஏறக்குறைய 7 அம்பியரை உறிஞ்சும். குளிர்ந்த இரவொன்றில் அது பாதிநேரம் ஓடினாலே, விடியுமுன் கலம் களைத்துவிடும். முதியோரை அழைத்துச் செல்வோர் மின்னிணைப்புள்ள இடத்தையே பதிவு செய்தல் வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

எக்காலத்திற் செல்லலாம்? மே மாத நடுப்பகுதியிலிருந்து ஜூன் இறுதி வரை கருப்பு ஈ என்னும் கடிபூச்சி அக்காடுகளில் மொய்க்கும். அதன் கடி நம் நுளம்புக்கடியை இனிதென நினைக்கவைக்கும். நுளம்பும் அங்கே இல்லாமலில்லை; ஜூன், ஜூலை மாதங்களில் நிறையவே உண்டு. ஓகஸ்ற் மாதம் பூச்சி குறைந்து, நீர் ஓரளவு வெப்பமுற்றிருக்கும் காலம். செப்ரெம்பர் இறுதியில் மேப்பிள் மரங்கள் செந்நிறமும் பொன்னிறமும் பூணும். அழகிற் சிறந்தது அதுவே. எனினும் இரவுக் குளிர் கடுமையாகும். பள்ளிப் பிள்ளைகள் இருப்பின் ஓகஸ்ற், இல்லாதவர்க்குச் செப்ரெம்பர் என்பது என் கருத்து. ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களில் இடத்தை, சென்றடையும் நாளுக்கு ஐந்து மாதங்களுக்கு முன்னர், காலை 7 மணி முதற் பதிவு செய்யலாம். ஓகஸ்ற் மாத இடத்துக்கு மார்ச் மாதத்திலேயே விழித்தெழுதல் வேண்டும் என்பதே இதன் பொருள். இடம் பதிவாகிய பின்னரே வண்டியை அமர்த்துக. மாறிச் செய்தால் வண்டியிருந்தும் நிறுத்த இடமின்றித் தவிக்க நேரிடும்.

இனி வழியைப் பார்ப்போம். ரொறன்ரோவிலிருந்து சட்பரி ஏறக்குறைய 400 கிலோமீற்றர். அங்கிருந்து மேற்கே சூ செயின்ற் மேரி இன்னும் 300. அதுவரை பாதை பொதுவாக எளியது. அதன் அப்பால்தான் சுப்பீரியர் ஏரியின் கரை தொடங்குகிறது. 17ஆம் இலக்க நெடுஞ்சாலை கரையோடு ஒட்டியும் விலகியும், மலையேறியும் இறங்கியும் ஏறக்குறைய 700 கிலோமீற்றர் சென்று தண்டர் பே நகரை அடைகிறது. வீட்டு வண்டியை ஒரு நாளில் 300 அல்லது 400 கிலோமீற்றருக்கு மேல் ஓட்டாதிருத்தல் நலம். மாலை 3 மணிக்கு முகாமை அடைந்துவிடல் வேண்டும். காரில் எட்டு மணி நேரத்திற் போகும் தூரத்தை இவ்வண்டியும் எட்டு மணியிற் போகுமென்று கணக்கிடுவோர் இரவிற் காட்டுவழியில் அகப்படுவர்.

இவ்வாறு கணக்கிட்டால், போகும் வழியில் கிரண்டி ஏரிப் பூங்காவில் ஓரிரவு, சூ செயின்ற் மேரியில் ஓரிரவு, அகாவா குடாவில் மூன்று, புக்கஸ்குவா தேசியப் பூங்காவில் இரண்டு, தண்டர் பே அருகே 'உறங்கும் அரக்கன்' பூங்காவில் மூன்று, திரும்பி வர மூன்று எனப் பதின்மூன்று இரவுகளாகும். ஒன்பது நாள்களே உள்ளவர் அகாவா குடாவில் நான்கு இரவுகள் தங்கிவிட்டு அங்கிருந்தே திரும்புவாராக. ஏரியை முழுவதும் வலம்வர வேண்டுமென்று சிலர் ஆசைப்படுவர். அச்சுற்று மட்டும் 2,000 கிலோமீற்றரைத் தாண்டும். தென்பாதி அமெரிக்க மண்ணாதலின், இலங்கைக் கடவுச்சீட்டில் வந்த பெற்றோருக்கு அந்நாட்டு விசாவும் வேண்டும். பத்து நாளில் அதை முடிக்க முனைவோர் ஏரியைக் காண்பதில்லை, வீதியையே காண்பர். எரிபொருளும் கணக்கில் வரவேண்டும். 100 கிலோமீற்றருக்கு 20 முதல் 25 லீற்றர் வரை இவ்வண்டி குடிக்கும். தண்டர் பே சென்று மீளும் 3,000 கிலோமீற்றருக்கு 600 முதல் 750 லீற்றர். தாங்கி பாதியானதும் நிரப்பிக்கொள்க. நெடுந்தூரம் எரிபொருள் நிலையமே இல்லாத பகுதிகள் அங்கே உள. தொலைபேசித் தொடர்பும் அங்ஙனமே அற்றுப்போகும். அச்சிட்ட வரைபடம் ஒன்று கையிலிருத்தல் வேண்டும்.

சூ செயின்ற் மேரிக்கும் வாவா என்னும் சிற்றூருக்கும் இடையே 1960ஆம் ஆண்டு வரை நெடுஞ்சாலையே இருந்ததில்லை. பாறையும் சதுப்பும் மலைச்சரிவும் அங்கே பாதையிடுவோரை நெடுங்காலம் தடுத்துவிட்டன. அவ்வாண்டில் இடைவெளி இணைந்தபோது, வாவா மக்கள் தம் ஊர் வாயிலிற் பெரியதொரு காட்டு வாத்தின் சிலையை நாட்டினர். ஓஜிப்வே மொழியில் வாவா என்பது அப்பறவையைக் குறிக்கும் பெயரென்பர். இப்பகுதியில் மொன்றியல் றிவர் என்னுமிடத்து ஏற்றம் செங்குத்தானது. இறங்கும்போது தடையை அழுத்திக்கொண்டே வராமல், கீழ்ப் பற்சக்கரத்தில் இட்டு இறங்குதல் வேண்டும்.

அங்கே அமைந்துள்ளது சுப்பீரியர் ஏரி மாகாணப் பூங்கா. நெடுஞ்சாலை அதனூடேயே செல்கின்றது. அகாவா குடாவில் முகாமிட்டால் வண்டியின் கதவைத் திறந்து சில அடி நடந்தவுடன் கடலொத்த நீர்ப்பரப்பு, மறுகரை தோன்றாது, உப்பு மணம் மட்டும் இராது. அருகே அகாவாப் பாறை. ஓஜிப்வே மக்கள் செங்காவி கொண்டு அப்பாறைமுகத்தில் தோணிகளையும், விலங்குகளையும், கொம்புடைய நீர்ப்பூனையாகிய மிஷிபிஷுவையும் வரைந்துள்ளனர். நீரின் சீற்றத்துக்கு அதிபதி அத்தெய்வ விலங்கு என்பது அவர் நம்பிக்கை. இவ்வோவியங்களைப் பழைய நூற்குறிப்பொன்றைக் கொண்டு நெடுநாள் தேடி, 1958இல் கண்டறிந்து ஆராய்ந்தவர் செல்வின் டியூட்னி. அவற்றைக் காண, நீரின்மேல் சரிந்து நிற்கும் வழுக்குப் பாறை விளிம்பிலே நடத்தல் வேண்டும். ஏரி அமைதியாயிருந்தாலன்றி அங்கே செல்லற்க. பற்றிக்கொள்ளச் சங்கிலியும் கயிறும் இட்டிருப்பதே அலை வாரிக்கொண்டு போகும் என்பதற்குச் சான்று.

வீட்டு வண்டி புதுமை என்று நாம் எண்ணுகிறோம். 1918ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், பின்னர் 'எழுவர் குழு' எனப் புகழ்பெற்ற ஓவியருட் சிலர், லோறன் ஹறிஸ் என்பவரின் முயற்சியால், புகையிரதச் சரக்குப் பெட்டியொன்றை வாடகைக்குப் பெற்று, அதனுட் படுக்கையும் அடுப்பும் அமைத்து, சூ செயின்ற் மேரியிலிருந்து வடக்கே அல்கோமாக் காட்டுக்குச் சென்றனர். புகையிரதம் அப்பெட்டியை ஒரு பக்கப் பாதையிற் கழற்றிவிட்டுப் போகும். அவர்கள் சில நாள் ஓவியம் தீட்டுவர். பின்னர் வேறொரு வண்டி வந்து அடுத்த இடத்துக்கு இழுத்துச் செல்லும். இருபதுகளில் அவர்கள் ஏரியின் வடகரையையும் தேடிச் சென்றனர். அங்குள்ள பிக் தீவை ஹறிஸ் தீட்டிய படம் கனடாவில் யாவரும் அறிந்தது. அத்தீவை எதிரே காணக்கூடிய நேஸ் பூங்காவின் மணற்கரை, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஜேர்மன் போர்க்கைதிகளின் முகாமாக இருந்தது.

வாவாவுக்கு அப்பால் வைட் றிவர். 1914ஆம் ஆண்டு அவ்வூர்ப் புகையிரத நிலையத்தில் ஹரி கோல்பேர்ண் என்னும் படை அதிகாரி 20 டொலருக்கு ஒரு கரடிக்குட்டியை வாங்கினார். இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையை அடைந்த அக்குட்டியின் பெயரே, ஆங்கிலச் சிறுவர் கதைகளில் வரும் வின்னி என்னும் கரடிக்கு வாய்த்தது. பிள்ளைகள் இறங்கி அங்குள்ள சிலையைக் காண விரும்புவர். நிப்பிகன் ஆற்றுப் பாலத்தைக் கடக்கும்போது பெரியோருக்கும் ஒரு செய்தி உண்டு. கனடாவின் கிழக்கையும் மேற்கையும் நாட்டினுள்ளேயே இணைக்கும் வீதி அவ்விடத்தில் அது ஒன்றே. 2016 ஜனவரியில் அப்பாலத்தின் ஒரு முனை மேலெழுந்து போக்குவரத்துத் தடைப்பட்டபோது, நாடே இரண்டாகத் துண்டிக்கப்பட்டது போலாயிற்று.

நிப்பிகனுக்கு அப்பால் ஊமே என்னும் நெடும்பள்ளத்தாக்கு. ஏறக்குறைய 100 மீற்றர் ஆழம். வெயில் நன்கு எட்டாத அதன் அடியில், நெடுந்தூரம் வடக்கேயுள்ள பனிநிலச் செடிகள் இன்றும் வளர்கின்றன. அப்பக்கத்துச் சுரங்கங்களில் செவ்வந்திக் கல்லைச் சிறு கட்டணத்திற்கு நாமே பொறுக்கி எடுக்கலாம். தண்டர் பே வாயிலில் ரெறி ஃபொக்ஸ் நினைவுச் சின்னம் நிற்கிறது. புற்றுநோயால் வலக்காலை இழந்த அவ்விளைஞர், அந்நோயின் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட அத்திலாந்திக் கரையிலிருந்து செயற்கைக் காலுடன் 143 நாள் ஓடி, 5,373 கிலோமீற்றர் கடந்து, 1980 செப்ரெம்பர் முதலாந் திகதி இந்நகருக்கு அருகில் நோய் மீண்டதால் நின்றார். அவருக்குத் துணையாய் வந்ததும் ஒரு சிறு வீட்டு வண்டியே.

இவ்வளவு அழகுக்கும் நடுவே உயிருக்கு ஊறு செய்வன நான்கு. அவற்றைச் சற்று நின்று கூறுகிறேன்.

முதலாவது தண்ணீர். ஆண்டு முழுவதையும் சராசரியாகக் கொண்டால் இவ்வேரியின் வெப்பநிலை செல்சியஸ் 4 பாகை அளவே. ஓகஸ்ற் மாதத்திற் கரையோரம் இதமாயிருக்கலாம்; நிலத்திலிருந்து காற்று வீசின் மேல்நீர் அகன்று, அடியிலுள்ள குளிர்நீர் ஓரிரவில் மேலெழும். நேற்று குளித்த இடம் இன்று வேறு. குளிர்நீரில் திடீரென விழுந்தவர் முதல் ஒரு நிமிடம் மூச்சுத் திணறுவர். பத்து நிமிடத்திற் கைகால் வலுவிழக்கும். உடல்வெப்பம் குன்றி உணர்விழக்க ஒரு மணி நேரம் ஆகலாம். ஆகவே பலர் இறப்பது குளிரால் உறைந்தன்று. முதல் நிமிடத்தில் நீரை மூச்சோடு இழுத்ததனாலேயே. வல்வெட்டித்துறைக் கடலில் நீந்திப் பழகியவர்க்கும் இது பொருந்தும்; அவர்க்கே கூடுதலாகப் பொருந்தும், ஏனெனில் அவர் அஞ்சார். தோணியில் ஏறுவோர் மிதவைச் சட்டையை அணிந்தே ஏறுக. நீராட விரும்பின் கதறின் குடாவைப் போன்ற ஆழமற்ற மணற்குடாவை நாடுக.

இரண்டாவது மூஸ் என்னும் பெருமான். அதன் கால்கள் நெடியன; ஆதலின் வண்டியின் விளக்கொளி உடலுக்குக் கீழே போய்விடும்; கண்ணும் மின்னித் தோன்றாது. மோதினால் கால்கள் முறிய, பல நூறு கிலோகிராம் உடல் முன்கண்ணாடிமேல் வந்து விழும். அந்தியிலும் விடியலிலும் அது வீதியோரம் நிற்கும். மாலை 3 மணிக்கு முகாமை அடைக என்றது இதனாலுமே.

மூன்றாவது கரடி. உண்மையில் அது மனிதரை நாடுவதில்லை, உணவை நாடுகிறது. மீன் பொரித்த சட்டியையும் குப்பையையும் வெளியே விடாதீர். யாவும் வண்டிக்குள் இருத்தல் வேண்டும். மிளகாயைத் தாளிப்போர் வெளிச்செல்லும் விசிறியை இயக்குக. இல்லையேல் கரடி வருகிறதோ இல்லையோ, உள்ளிருப்போர் வெளியேறுவர்.

நான்காவது கண்ணுக்குத் தெரியாதது. எரிவாயு அடுப்போ கரியடுப்போ மின்பிறப்பாக்கியோ விடும் காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, குமட்டல், தூக்கம் என்பவையே அதன் அறிகுறி. தூக்கம் வந்தபின் எச்சரிப்பார் எவருமிலர். குளிர்காய அடுப்பை மூட்டிவிட்டு உறங்குதல் எக்காலத்தும் ஆகாது. வண்டியை வாடகைக்குப் பெறும்போதே அவ்வாயுவை உணரும் எச்சரிக்கைக் கருவியின் பொத்தானை அழுத்தி, ஒலிக்கின்றதா எனப் பார்த்துப் பெறுக.

பெற்றோரை அழைத்துச் செல்வோருக்கு இன்னும் இரண்டு வேண்டும். வருகையாளராக வந்தவரை மாகாண மருத்துவக் காப்புறுதி தாங்காது. புறப்படுமுன் தனியே காப்புறுதி பெறல் வேண்டும். வாவா, மரத்தன், ரெறஸ் பே, நிப்பிகன் ஆகிய சிற்றூர்கள் ஒவ்வொன்றிலும் மருத்துவமனை உண்டு. ஆனால் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு மணி நேரமோ அதற்கும் கூடியதோ ஆன ஓட்டம். இன்சுலின் ஏற்றிக்கொள்வோர் இருப்பின், குளிர்ப்பெட்டி எரிவாயுவில் இயங்குகிறதா மின்கலத்திலா என்பதை முதல்நாளே அறிந்துகொள்க. விறகை வீட்டிலிருந்து கொண்டுபோகாதீர். அதனுள் ஒளிந்து வரும் மரகத வண்டு வடகாட்டின் சாம்பல் மரங்களை அழிக்கும். முகாமுக்கு அண்மையில் விற்கும் விறகையே வாங்குக. திரும்பும்போது கழிவுத் தாங்கிகளைக் கடைசிப் பூங்காவிலேயே கழித்துவிடுக. ரொறன்ரோ அடைந்தபின் அதற்கு இடம் தேடி அலைவது, வண்டியை ஒப்படைக்க வேண்டிய நேரத்தையும் விழுங்கிவிடும்.